காணாமல் போகாத பத்தொன்பது கிராம்

சபையாரே, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டே சோறு தின்ற ஒருத்தியைக் கர்த்தர் கண்டார் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

ரயில்வேயில் வேலை பார்த்த என் கணவர் இறந்தபின், தெலுங்கு பேசும் மெட்டுகுடாவில் ஓர் அறையில் தனியாக இருக்கிறேன். படித்த வேதியியலை நம்பி ஒரு மருந்து கம்பெனி ஆய்வகத்தில் சேர்ந்தேன். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

அந்த ஜூலையில் என் மேஜையில் நான் தயாரித்த மருந்துப் பொடி குறைந்தது. கணக்குப்படி நூறு கிராம் வர வேண்டும். கைக்கு எப்போதும் தொண்ணூற்றைந்து வரும். அன்று எழுபத்தாறுதான்.

"பவுடர் எக்கட போயிந்தி மேடம்? கீழே கொட்டிட்டு மறைக்கிறீங்களா?" என்றார் மேலாளர், பாதி தெலுங்கில். பொடி எங்கே போனது என்று கேட்கிறார்.

அன்று முதல் யாரும் என்னோடு சாப்பிடவில்லை. பக்கத்து மேஜை ஸ்ரவந்திகூட டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மூன்றாம் நாள் படிக்கட்டில் உட்கார்ந்து, "ஆண்டவரே, ஒருத்தரும் பேசமாட்டேங்கிறாங்க. தப்பு என்னோடதுன்னா அதையாவது காட்டும்" என்று கெஞ்சினேன்.

குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒன்று உறைத்தது. எங்கள் ஆய்வகத்தில் பழைய கணக்குத்தாளை அப்படியே நகலெடுத்து, தேதியை மட்டும் மாற்றுவோம். நானும் அதைத்தான் செய்திருந்தேன். பொடி செய்யப் போடும் உப்பு அன்று புது டிரம்மில் வந்திருந்தது; அதன் லேபிளை நான் படிக்கவே இல்லை.

ஓடிப்போய்ப் படித்தேன். அதே உப்புதான், ஆனால் தண்ணீர் சேர்ந்த வகை. எடை பார்த்துப் போட்டதில் ஒரு பங்கு வெறும் தண்ணீர். எப்போதும் கொஞ்சம் மிஞ்சுகிற அந்த உப்பு இந்த முறை முதலில் தீர்ந்திருக்கிறது. பத்து தோசைக்கு மாவு இருந்தாலும் எட்டுக்குத்தான் மசாலா என்றால், மசால் தோசை எட்டுதானே! கணக்கை மறுபடி போட்டேன். அதிகபட்சமே எண்பது கிராம்தான் வந்திருக்கும். அதில் எழுபத்தாறு என்றால், வழக்கமான அதே தொண்ணூற்றைந்து சதவீதம். ஒரு துளியும் தொலையவில்லை. இல்லாத பொடிக்காகத்தான் மூன்று நாள் அழுதிருக்கிறேன்.

லேபிளைப் படிக்காதது என் தப்பு என்று எல்லோர் முன்னும் சொன்னேன். வேலை போகும் என்றே நினைத்தேன். மேலாளர் தாளை வாங்கிக் கணக்கைச் சரிபார்த்தார். அப்போது ஸ்ரவந்தி எழுந்தாள்.

"நான் கூடா அதே ஷீட்தான் காப்பி அடிச்சேன் சார். அக்காவை மட்டும் அனொத்து."

அக்காவை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள் என்கிறாள்! எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த மாதமே வேலை நிரந்தரமானது.

இன்றும் என் அறையில் நான் ஒருத்திதான். சாயங்காலம் பூட்டைத் திறக்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது. ஆனால் இப்போது மதியச் சோற்றுக்கு முன் படிக்கட்டை ஒருமுறை எட்டிப் பார்க்கிறேன், யாராவது தனியாக உட்கார்ந்திருக்கிறார்களா என்று. நீங்களும் அப்படி ஒரு படிக்கட்டில் இருந்தால், அவரிடம் கேளுங்கள். நான் கேட்டேன், முதலில் லேபிளைப் படிக்க வைத்தார், பிறகு ஸ்ரவந்தியை எழுந்து நிற்க வைத்தார்.