செமினோல்களை ஒளித்து வைத்த ஊர்

அறுபதுகளின் கடைசியில் திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எனக்கு முதல் வேலை, சரித்திர டீச்சராக. அருப்புக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். அந்த வருஷம் ஆண்டுவிழா நாடகத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

“பாளையக்காரர் கதையப் போடுங்க டீச்சர். உடுப்பெல்லாம் பீரோவுல ரெடியா இருக்கு” என்றார் தலைமையாசிரியர்.

எனக்கு வேறு ஆசை. மதுரையில் பி.ஏ. படித்தபோது, அமெரிக்க சரித்திரத்தில் இரண்டே பக்கம் வந்த ஒரு சண்டை மனசை விட்டுப் போகவே இல்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தியது; அமெரிக்காவுக்குத் தெற்கே இருந்த புளோரிடா அப்போது ஸ்பெயின் ராஜாவுடையது. அங்கே செமினோல் என்ற பூர்வகுடி மக்கள் மக்காச்சோளம் விதைத்தும் மாடு மேய்த்தும் வாழ்ந்தார்கள். வடக்கே அமெரிக்கர்களின் பருத்திக் காடுகளில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் தப்பி எல்லை தாண்டினால் இவர்களிடம்தான் அடைக்கலம். அவர்களைத் திரும்பப் பிடிக்கவும் அந்த மண்ணின் மேலிருந்த ஆசையாலும் அமெரிக்கப் பட்டாளம் அடுத்த ராஜாவின் எல்லைக்குள் நுழைந்து செமினோல் ஊர்களைக் கொளுத்தியது.

ஒத்திகையில் பிள்ளைகள் குதியாய்க் குதித்தார்கள். செமினோல்கள் தலைப்பாகை கட்டுவார்கள் என்றதும் ஆளுக்கொரு துண்டோடு வந்துவிட்டார்கள். புளோரிடாவின் சதுப்புக் காட்டுக்குச் சோளத்தட்டையைக் கட்டுக்கட்டாக நிறுத்தினோம். பட்டாளம் கொளுத்துகிற மாதிரி நடிக்க அட்டையில் இரண்டு குடிசை. பட்டாளத் தளபதி எங்கள் டிரில் மாஸ்டர். பருத்திக் காட்டிலிருந்து ஓடிவந்த பெண்ணாக ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. விடுமுறை நாளில் அவளே பருத்தி எடுக்கப் போகிறவள்தான்.

விழா அன்று பொழுது சாயும் முன்பே பள்ளி மைதானம் நிரம்பிவிட்டது. காட்டு வேலை முடிந்த பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் மடியில் பருத்தியோடு ஓடிவந்து, செமினோல் தலைவனிடம், “என்னைய வித்துருவாக அண்ணே, ஒளிச்சு வையிங்க” என்றாள். வசனம் நான் எழுதியது வேறு. அவள் வாயில் அப்படி வந்துவிட்டது.

ஸ்பானிய அதிகாரியாக நின்ற பையன், “இது எங்க ராஜா எல்லை, உள்ள வரக்கூடாது” என்று பட்டாளத்தை மறித்தான். டிரில் மாஸ்டர் அவனைத் தள்ளிவிட்டுப் போனார். “வரப்பு தாண்டி வாரானே, கேக்க ஆளில்லையா?” என்று பின்னாலிருந்து வெள்ளாமை பார்க்கும் ஒரு சம்சாரி குரல் கொடுத்தார்.

செமினோல்கள் சோளத்தட்டைக்குள் பதுங்கினார்கள். டிரில் மாஸ்டர் கூட்டத்தைப் பார்த்து, “எங்கே ஓடினார்கள்?” என்று கர்ஜித்தார். அது சும்மா ஒரு வசனம். பதில் வரும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை.

முன்வரிசையிலிருந்த பருத்தி எடுக்கும் அம்மா ஒருவர் எழுந்தார். “இங்கிட்டு யாரும் வரல. கண்மாய்ப் பக்கம் போனாக.”

“ஆமா, நானும் பாத்தேன். கண்மாய்க்குத்தான்” என்றார் இன்னொருவர்.

பிறகு ஊரே கை நீட்டியது, திசைக்கொன்றாக. டிரில் மாஸ்டர் திகைத்து என் பக்கம் ஒதுங்கினார்.

“டீச்சர், நான் இப்பப் போய்க் குடிசையக் கொளுத்தணுமே. ஊரே பொய் சொல்லுது, என்ன செய்ய?”

“அவுக சொல்ற பக்கமே போங்க சார்” என்றேன்.

போனார். பட்டாளமும் பின்னால் போனது. மாட்டுவண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார், மைக்செட்டுக்காரரின் மேசைத் துணியைத் தூக்கிப் பார்த்தார். மைதானமே சிரிப்பில் அதிர்ந்தது. அதற்குள் அந்தப் பெண் தட்டையை விலக்கி, செமினோல்களை ஒவ்வொருவராக மேடையிலிருந்து இறக்கினாள். பெண்கள் நகர்ந்து இடம்விட்டு, பிள்ளைகளை நடுவில் உட்காரவைத்து முந்தானையால் மூடிக்கொண்டார்கள். தளபதி திரும்பிவந்தபோது மேடை காலி.

நாடகத்துக்கு முடிவே இல்லாமல் போயிற்று. நான் மைக்கைப் பிடித்தேன். நிஜத்தில் இப்படி நடக்கவில்லை, ஊர்கள் எரிந்தன, விளைந்ததெல்லாம் சாம்பலானது, கடைசியில் ஸ்பெயின் அந்த மண்ணை அமெரிக்காவிடமே விட்டுக்கொடுத்தது என்று சொன்னேன்.

முதலில் எழுந்த அந்த அம்மாதான் கேட்டார். “அம்புட்டுப் பேரும் போயிட்டாகளா?”

“இல்லம்மா. அதுக்கப்புறமும் சண்டை நடந்துச்சு. ரொம்பப் பேரப் பிடிச்சுத் தூரதேசத்துக்கு அனுப்பிட்டாக. கொஞ்சப் பேரு தெக்க, தண்ணிக்காட்டுக்குள்ள போயிட்டாக. அவுகள மட்டும் பிடிக்க முடியல. அவுக வம்சம் இன்னமும் அங்கனயே இருக்கு.”

எங்கிருந்தோ ஒரு சீழ்க்கை கிளம்பியது. கைதட்டல் அடங்கவே இல்லை. முந்தானைகளுக்கு அடியிலிருந்து பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். டிரில் மாஸ்டரும் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தட்டினார்.

தலைமையாசிரியர் மட்டும், “அடுத்த வருஷம் பீரோவத் தொறப்போம் டீச்சர்” என்றார். சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பஸ்ஸில் இடம் இருந்தும் என்னால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே அருப்புக்கோட்டை வரை வந்தேன்.