குஸ்கா சைவம் இல்லை

நான் கறி சாப்பிடுவதை நிறுத்தியபோது யாருக்கும் அது புரியவில்லை. ஆம்பூரில், அதுவும் ஷூ கம்பெனியில் தோல் தரம் பார்க்கும் மேசையில் நிற்கிற ஒருத்தி தான் சைவம் என்று சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். "கையில இன்னா புடிச்சிக்கினு இருக்க, கத்திரிக்காயா?" என்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது செக்‌ஷன் முழுக்கத் தெரியும். அதனால் அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பக்தி இல்லை, சபதம் இல்லை. பதப்படுத்திய தோலை மேசையில் விரித்து, வெளிச்சத்தில் குறை தேடுவது என் வேலை. முள்கம்பி கிழித்த கோடு, உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட தழும்பு. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டால் வெட்டுகிறவர்கள் அந்த இடத்தை ஒதுக்கிவிடுவார்கள். பல வருஷம் அவை எனக்கு வெறும் குறைகளாகத்தான் தெரிந்தன. ஒரு நாள் ஒரு தோலில் கழுத்துப் பக்கம் கயிறு அறுத்து ஆறிய தழும்பு இருந்தது. அதற்கும் வட்டம் போட்டுவிட்டு, மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தேன். கறி தொண்டையில் இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. அப்படியானால் வேலையை ஏன் விடவில்லை என்று கேட்கிறவர்களிடம் வீட்டு வாடகையைக் கட்டச் சொல்வேன்.

சைவத்துக்கு மாறுவது என்றால் தட்டிலிருந்து கறியை எடுத்துவிடுவது என்றுதான் நினைத்திருந்தேன். எடுத்த இடத்தில் என்ன வைப்பது என்று யோசிக்கவே இல்லை. காலையில் ஊறுகாயோடு பழைய சோறு, மதியம் ரசம் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும், சாயங்காலம் பஜ்ஜி. சாப்பிட்ட கையோடு ஒரு டீ. வயிறு நிறைந்தது, அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பினேன்.

வெளியில் போனால் குஸ்கா. பிரியாணிச் சட்டியிலிருந்து துண்டு விழாமல் அள்ளுகிற வெறும் சோறுதான் குஸ்கா. கறி வேண்டாம் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் முகம் சுளிப்பதில்லை. "பீஸ் படாம வெக்கிறேன்" என்று அக்கறையாக அள்ளி வைப்பார்கள். கல்யாண வீடுகளில் அதைத்தான் வயிறார சாப்பிட்டேன். சைவம் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன். அந்தப் பக்கத்து மேசைக்காரியின் வீட்டில் கல்யாணங்களுக்குப் பிரியாணி செய்து கொடுப்பார்கள். அவள்தான் ஒரு நாள் சாதாரணமாகக் கேட்டாள், கறியோடு ஒன்றாகத் தம்மில் வெந்த அரிசி எப்படி சைவம் ஆகும் என்று. எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பிறந்ததிலிருந்து பார்த்த சட்டிதான். யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, வழக்கம்போல குடியாத்தத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்காதான். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஷூவுக்கு மேல்பாகம் தைக்கும் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தாள். ஞாயிறு மதியம் அவள் வீட்டில் மாட்டுக்கறி பிரியாணி. நான் கறி சாப்பிடுவதில்லை என்று சொன்ன நாளிலிருந்து எனக்காகத் தனியாக குஸ்கா எடுத்து, ஒரு தட்டுப் போட்டு மூடி வைத்திருப்பாள். ஒரு சின்னத் துண்டுகூட அதில் இருக்காது. விரலால் தடவிப் பார்த்துத்தான் வைப்பாள்.

அன்றைக்கு நான் அது வேண்டாம் என்றேன். ஏன் என்று சொன்னேன். இன்னும் நல்லவிதமாகச் சொல்லியிருக்கலாம். அக்கா குஸ்காவைத் தட்டுப் போட்டு மறுபடியும் மூடினாள்.

"காசு இல்லாதப்ப கறி இல்லாம இருந்தோம். இப்போ இருக்குது, நீ வேணான்ற. எங்க சாப்பாடு உனக்கு கேவலமாய்டுச்சி, அதானே?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. அப்படி இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, நீயே அப்படி நினைத்தால் நான் என்ன செய்ய முடியும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகவில்லை. அவளும் கூப்பிடவில்லை. அக்கா வீட்டில் எனக்கு இனிமேல் ஒரு தட்டு இருக்குமா இல்லையா என்பதுதான் அந்த மாதங்களில் என் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

குஸ்காவும் போனதால் மிச்சம் இருந்தது சோறும் உருளைக்கிழங்கும்தான். படி ஏறினால் மூச்சு வாங்கியது. மேசை விளக்கைப் பார்த்தால் கண் இருட்டியது. ஒரு நாள் தோலை விரித்தபடியே அதன் மேல் சாய்ந்துவிட்டேன். கம்பெனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ரொம்பக் கம்மி. எல்லோரும் ஆட்டு ஈரல் சாப்பிடச் சொன்னார்கள், சுவரொட்டி என்கிற மண்ணீரலைச் சாப்பிடச் சொன்னார்கள். செய்தி எப்படியோ குடியாத்தம் வரை போய், அக்காவிடமிருந்து போன் வந்தது. அவளும் ஈரல் என்றாள். நான் முடியாது என்றேன். "செத்துப் போ" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் அழுதுகொண்டுதான் வைத்தாள் என்பது எனக்குத் தெரியும்.

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாத்திரைகள் கொடுத்துவிட்டு, என்ன சாப்பிடுவது என்று சொல்லித் தருகிற ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். நேற்றிலிருந்து என்னென்ன சாப்பிட்டேன் என்று சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. "நீங்க கறியைத்தான் விட்டீங்க, அதுக்குப் பதிலா ஒண்ணுமே சேத்துக்கலை" என்றார். தினமும் ஏதாவது ஒரு பயறோ பருப்போ நிறைய வேண்டும், தண்ணியாகக் கரைத்த சாம்பார் கணக்கில் வராது. கீரை வேண்டும், அதன் மேல் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். சாப்பிட்டவுடன் டீ கூடாது, அது சாப்பாட்டில் இருக்கிற சத்தை உடம்பில் சேரவிடாது. தயிர், வேர்க்கடலை, கேழ்வரகு. பயறிலும் கீரையிலும் கிடைக்காத ஒரு சத்துக்கு மாத்திரையை விடவே கூடாது என்றும் சொன்னார். டீதான் பெரிய பேஜாராக இருந்தது. மற்றவர்கள் டம்ளரோடு நிற்கும்போது நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

காராமணி, கொள்ளு, மொச்சை என்று ராத்திரியே ஊற வைக்கக் கற்றுக்கொண்டேன். முதல் வாரம் வயிறு ஊதி ஊரையே கூட்டியது. பிறகு பழகிவிட்டது. ஒரு நாள் களி கிண்டி முருங்கைக்கீரையைக் கடைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. சின்ன வயசில் திங்கள் முதல் சனி வரை அக்கா எனக்குப் போட்டது இதைத்தான். பெயர் வைக்காமல் அந்த ஆறு நாளும் நாங்கள் சைவமாகத்தான் இருந்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கறிதான் அவள் தலை நிமிர்ந்து எடுத்து வைத்த சாப்பாடு. அதைத்தான் நான் தள்ளி வைத்திருக்கிறேன். அன்றைக்கு அவளுக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ரத்தம் மெதுவாக ஏறியது. படியில் நிற்காமல் ஏறினேன். அக்கா வீட்டுக்காரர், மாமாவுக்குப் போன் பண்ணி மொச்சையும் கீரையும் எலுமிச்சம்பழமுமாக ரத்தம் ஏறிய கதையைச் சொன்னேன், அக்காவிடம் சொல்வார் என்று தெரிந்துதான் சொன்னேன். அந்த வாரக் கடைசியில் அவரே கூப்பிட்டார். உங்க அக்கா மொச்சைக்கொட்டை ஊறப் போட்டிருக்கிறாள், வந்துவிடு என்றார். அக்கா போனுக்கு வரவில்லை.

போனேன். என் முன்னால் மொச்சைக் குழம்பு, சோறு, கீரை, பாதி எலுமிச்சம்பழம். அக்கா எதிரில் உட்காரவில்லை. அவளுடைய கறிச் சட்டி அடுப்படியில் இறுக்கி மூடியிருந்தது, அங்கேயே நின்றபடி சாப்பிட்டாள். விருந்தாளியிடம் மறைப்பதுபோல என்னிடம் மறைத்தாள். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அப்போது பக்கத்து வீட்டு அம்மா தயிருக்கு உறை வாங்க வந்தார். என் தட்டைப் பார்த்தார். நான் கறி சாப்பிடுவதில்லை என்று மாமா சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்ல பழக்கம்மா. உடம்பும் சுத்தம், மனசும் சுத்தம். உங்க அக்காவுக்கும் கொஞ்சம் சொல்லக் கூடாதா" என்றார்.

அடுப்படியில் தட்டுச் சத்தம் நின்றது.

"சுத்தத்துக்காக விடலைங்க" என்றேன். குரல் எனக்கே கொஞ்சம் ஜாஸ்தியாகக் கேட்டது. "எனக்கு இறங்கல, அவ்ளோதான். எங்க அக்கா ஆக்கின கறிய தின்னுதான் நான் வளந்தேன். அதுல அசுத்தம் ஒண்ணும் இல்ல."

அந்த அம்மா நல்லவர்தான். அப்படிச் சொல்லவில்லை என்று ஏதோ இழுத்தார், உறையை வாங்கிக்கொண்டு போனார். மாமா தலையைக் குனிந்து சாப்பிட்டார்.

அக்கா தன் தட்டோடு வெளியே வந்தாள். இன்னொரு கையில் கறிச் சட்டி. சட்டியை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்து, மூடியை எடுத்தாள். ஆவி என் முகத்தில் அடித்தது. என் தோள் இடிக்கிற மாதிரி உட்கார்ந்து, கறித் துண்டு ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

"மொச்சைக்கு உப்பு பத்துதா?" என்று கேட்டாள்.