நோயாளியைப் பார்க்கப் போன பாடம்

விரந்திக்குப் பிணம் என்றால் சிறு வயதிலிருந்தே உயிர் நடுங்கும். சொந்த ஊரான சோலோ நகரத்தில் சித்தப்பா இறந்தபோதுகூட வாசலோடு திரும்பிவிட்டவள் அவள். அயல்நாட்டாருக்கு இந்தோனேசிய மொழி கற்பிக்கும் ஆசிரியர் பயிற்சிக்காக அவளைத் தொராஜா மலைக்கு அனுப்பினார்கள். ஊர் வழக்கத்தை வைத்தே பாடம் நடத்த வேண்டும். அவள் தலையில் விழுந்தது, நோயாளியை நலம் விசாரிக்கும் பாடம்.

பன்னே என்ற பெண்ணின் தாய் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஈமச்சடங்கு நடக்கும்வரை அங்கே உடலைப் பதப்படுத்தி வீட்டிலேயே வைத்திருப்பார்கள்; அதுவரை அவரை இறந்தவர் என்று யாரும் சொல்வதில்லை, நோயாளிதான். கட்டிலில் கிடத்தியிருந்த அவர் தலைமாட்டில் வைத்த காப்பியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. கொரிய மாணவி ஹேஜினுடன் உள்ளே நுழைந்த விரந்தி கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, டீச்சர் வந்திருக்காங்க பாரு," என்றாள் பன்னே.

ஹேஜின் பன்னேயிடம் மெதுவாகக் கேட்டாள்: "இவங்க எப்போ செத்தாங்க?"

பன்னேயின் முகம் சுருங்கியது. திருத்த வேண்டியவள் ஆசிரியையான விரந்திதான். ஓடிவிடலாமா என்று நினைத்தவள், மாணவியின் கையை இறுகப் பற்றிக்கொண்டு கட்டிலருகே போய்க் குனிந்தாள்.

"அம்மா, இப்போ உடம்பு எப்படி இருக்கு? காப்பி ஆறிடப்போகுது, குடிங்க."

ஹேஜின் அதை அப்படியே திருப்பிச் சொன்னாள். பன்னே சிரித்துவிட்டாள்.

"ஏன் டீச்சர் இப்படி நடுங்குறீங்க? எங்கம்மா யாரையும் கடிக்க மாட்டாங்க."

பயிற்சியில் விரந்தி தேறிவிட்டாள். ஆனால் அன்று அந்த வீட்டுப் படியிறங்கியதும், அதுவரை அடக்கிவைத்த பயம் தாளாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.