இடது கை தூக்கிய ஓவியா

மஹாலட்சுமிக்கு இங்கிலீஷ் என்றாலே பயம். கோவளத்தில் மீன் விற்கும் வீட்டில் பிறந்து, தமிழிலேயே படித்து, பி.எட். முடித்து, படப்பைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்தவள். இங்கிலீஷ் மிஸ் பிரசவ லீவில் போனதும் ஏழாம் வகுப்பை இவள் தலையில் கட்டிவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா? வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

இன்று தாளாளர் வெற்றிவேல் வகுப்பைப் பார்க்க வருகிறார். தன் சொந்த நிலத்தில் பள்ளி கட்டியவர். அவர் சரி என்றால் வேலை உண்டு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பாடமோ காம்பவுண்ட் சென்டென்ஸ். பாதிப் பிள்ளைகளுக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. எனவே, பல பள்ளிகளில் நடக்கிற தில்லுமுல்லை அவளும் செய்தாள். கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும். தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. வலது கை தூக்கியவர்களை மட்டும் அவள் எழுப்புவாள்.

வெற்றிவேல் வந்து கதவோரம் நின்றார். மஹாலட்சுமி ஆளுக்கொரு காம்பவுண்ட் சென்டென்ஸ் சொல்லச் சொன்னாள். வகுப்பு முழுக்கக் கை எழுந்தது. எதிரே இருப்பவரின் வலது கை தனக்கு இடப்பக்கம் தெரியும் என்பது, பாழாய்ப்போன பயத்தில் அவளுக்கு மறந்தே போனது.

"ஓவியா!"

ஓவியா திருதிருவென விழித்தபடி எழுந்தாள். அது மஹாலட்சுமிக்கு நன்றாகத் தெரிந்த பயம். பார்க்கவே தாங்கவில்லை. வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்ற சட்டத்தைத் தூக்கி எறிந்தாள்.

"பயப்படாதடா. 'மழை பெய்யுது.' 'நான் வந்துட்டேன்.' தனித்தனியாச் சொன்னாலும் ரெண்டும் முழுசா நிக்குது இல்ல? நடுவுல 'ஆனா'ன்னு போட்டுச் சேத்துடு. அவ்ளோதான். அதே மாதிரி இங்கிலீஷ்ல ஒண்ணு சொல்லு."

ஓவியா யோசித்தாள். முகம் மெல்லத் தெளிந்தது.

"ஐ புட் லெஃப்ட் ஹேண்ட், பட் மிஸ் கால்டு மீ."

மஹாலட்சுமிக்கு உயிரே போய்விட்டது.

"அது இன்னாம்மா லெஃப்ட் ஹேண்டு?" என்றார் வெற்றிவேல்.

பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. "தெரியாதவங்க இடது கை தூக்கணும்னு நான்தான் சார் சொல்லி வச்சேன்."

அவர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "சரி, பாடத்த நடத்து. பாக்கறேன்."

வேலை நிலைக்குமா போகுமா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மஹாலட்சுமி தன்னைக் காட்டிக்கொடுத்த அந்த வாக்கியத்தையே போர்டில் பெரிதாக எழுதினாள்.

"இதுல எது எது தனியா நிக்கும்? தெரியாதவங்க மட்டும் கை தூக்குங்க."