வீரமலையின் துவக்குக்கு மூன்று உருவம்

"பாசு, கச்சேரியில இது வேணாம்னுட்டாங்க" என்று சொல்லி வீரமலை தன் துவக்கை என் பட்டறை மேசையில் வைத்தான். நான் பதுளையில் துவக்கு, அதாவது துப்பாக்கி, பழுது பார்க்கும் பட்டறை போட்ட புதிது அது. கைத்தொழில்காரனை இங்கே எல்லாரும் பாசு என்றுதான் கூப்பிடுவார்கள்.

வீரமலை ஹாலிஎலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவன். வேட்டைக்குப் போகும்போது பழைய துரைக்குத் தடம் பார்த்துச் சொல்வான். அந்தத் துரை சீமைக்குக் கப்பல் ஏறும்போது தன் பழைய ரைபிளை இவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தைரியத்தில் இவன் தோட்டத்தை விட்டு வெளியேறி, காட்டோரம் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, குரக்கன் என்கிற கேழ்வரகும் மரவள்ளியும் போட்டான். பன்றி இறங்கும் இடம். துவக்கு இல்லையென்றால் விளைச்சல் இல்லை. விளைச்சல் இல்லையென்றால் மறுபடியும் தோட்டத்து லயத்துக் குடியிருப்புக்குப் போய், விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து நிற்க வேண்டும். புதுத் துரையும் அதற்குத்தான் காத்திருந்தார். "ஒன் லயத்துக் காம்பரா சும்மாதான் கெடக்கு, வந்து சேரு" என்று ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்.

அப்போதெல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை துவக்கை அரசாங்கக் கச்சேரிக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். லைசென்ஸ் கொடுத்து, கட்டையில் முத்திரை அடிப்பார்கள். அங்கே இருந்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர், "குழலுக்கை சுத்திச் சுத்தி வரி ஓடுது. இது ரைபிள். துரைமாருக்கு மட்டும்தான். உனக்குத் தர ஏலாது" என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்றி குரக்கனைத்தான் தின்கிறது, தேயிலையைத் தின்பதில்லை. ஆனால் ரைபிள் மட்டும் தேயிலைக்காரருக்காம்!

"வரிதானே வேணாங்கிறான்? எடுத்துடுவோம்" என்றேன்.

குழலைக் கடைந்தேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், சுற்றிச் சுற்றி ஓடிய வரியெல்லாம் போய், துலக்கிய பித்தளைச் செம்பு போல வழவழவென்று இருந்தது. ஒற்றைக் குண்டு போட்ட ரைபிள் இப்போது சிறுசிறு சன்னமாகச் சிதறும் துவக்காகிவிட்டது.

"இனிமே தூரம் போகாதுடா" என்றேன்.

"பன்னி வாசலுக்கே வருதுங்க பாசு. தூரம் எதுக்கு?"

லைசென்ஸ் கிடைத்தது. அடுத்த வருஷம் நானும் கூடவே கச்சேரிக்குப் போனேன். நல்லவேளை போனேன். கிளாக்கர் துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பின்னாலை குறி பாக்கிற தகடு நிக்குது. பாக்க ரைபிள் மாதிரிக் கிடக்கெண்டு தோட்டத்துத் துரை எழுதியிருக்கிறார்."

"தகடு போனா சரியா ஐயா?"

"போனால் சரிதான்."

முற்றத்து மரத்தடியில் உட்கார்ந்து, மடியில் இருந்த அரத்தை எடுத்து, எல்லாரும் பார்க்கவே அந்தத் தகட்டை ராவி எடுத்தேன். இரும்புத்தூள் கையிலிருந்து உதிருமுன் துவக்கை மறுபடியும் அவர் மேசையில் வைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே முத்திரை அடித்தார்.

அதற்குப் பிறகு வந்த உத்தரவு பெரிய அடி. ஊராருக்கு முன்வாயால் வெடிமருந்து இடிக்கும் துவக்கு மட்டும்தானாம். வீரமலையுடையதோ பின்வாயால் தோட்டா போடுவது. வீரமலை இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டான். நான் அடுப்பை மூட்டினேன். குழலின் பின்வாயை அடைத்து, மருந்தைப் பற்றவைக்கும் கேப்புக்கான குமிழைப் பொருத்திக்கொண்டிருந்த அன்று, புதுத் துரையின் குதிரை பட்டறை வாசலில் வந்து நின்றது.

"ஏய் பாசு! இந்தத் துவக்கு எத்தன தரம் மாத்தும் நீ?" என்று அரைத் தமிழில் அதட்டினார்.

"தொர எத்தன தரம் சட்டத்த மாத்தச் சொல்றீங்களோ, அத்தன தரம்."

துரையின் முகம் சிவந்தது. அவர் தோட்டத்துக் கவ்வாத்துக் கத்தி எல்லாம் என் பட்டறையில்தான் செய்தது. "இனிமே ஒரு கத்தி வராது" என்று சொல்லிப் போனார். வரவும் இல்லை. அந்த வருஷம் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனாலும் அந்தக் குமிழைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. அந்த வருஷமும் முத்திரை விழுந்தது.

இப்போது பட்டறை வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சட்டம் எதை வேண்டாம் என்கிறதோ அதை மட்டும் எடுங்கள். பயந்துபோய் அதற்கு மேல் ஒரு ஆணியைக்கூடக் கழற்றாதீர்கள். வரி போய், தகடு போய், பின்வாயும் போய், அந்தத் துவக்கு பார்க்கச் சகிக்காது. ஆனால் வெடித்தது.

குரக்கன் கதிர் முற்றிய சமயம் வீரமலை பன்றியின் பின்னந்தொடை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தான். தோட்டத்து ஆள் பன்றி அடித்தால் பின்னந்தொடை துரையின் பங்களாவுக்குப் போக வேண்டும் என்பது வழக்கம்.

"ஏண்டா, பங்களாவுக்குக் குடுக்கலியா?" என்று கேட்டேன்.

தொடையை மேசையில் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"அது பெரட்டுல நிக்கிறவன் குடுக்கிறதுங்க பாசு. நான் அங்கயா நிக்கிறேன்?"