மூன்றாம் கோட்டில் இருக்கிறது மடை

எங்கள் ஏரியின் மடையை நாற்பது ஆண்டு திறந்து மூடியவன் நான். எழுதப் படிக்கக் கற்று ஒரு வருடம்தான் ஆகிறது. போன தை மாதம் மாமல்லபுரத்துக் கூட்டம் ஒன்றுக்கு அழைப்பு வந்தது. ஏரித் தண்ணீரில் வயலுக்கு எவ்வளவு, தொழிற்சாலைக்கு எவ்வளவு, பாலாற்றுக்கு எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் காட்டப் போகிறார்களாம். கடிதத்தை நானே படித்தேன், இரண்டு தடவை.

என் மகள் வீடு பாலாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கம். ஆறு வறண்டால் அவள் கிணறு உப்புக் கரிக்கும். அதனால் கட்டாயம் போக வேண்டியிருந்தது.

செங்கல்பட்டில் காலை 7.10க்கு பஸ். திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பது ரூபாய்.

"இன்னா பெருசு, சிரிச்சிகினே ஏர்ற?" என்றார் கண்டக்டர்.

"போர்டைப் படிச்சி ஏறினேன்பா. யாரையும் கேக்கல."

8.20க்கு இறங்கினேன். அங்கிருந்து மண்டபத்துக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

பொறியாளர் அம்மா ஒருவர் திரையில் ஏரியையும், வயல், தொழிற்சாலை, ஆறு ஒவ்வொன்றுக்கும் எந்த மாதம் வரை தண்ணீர் வரும் என்பதைப் பட்டைகளாகவும் காட்டினார். இப்போது இருக்கும் எட்டடித் தண்ணீரில் பங்குனி கடைசி வரை ஆற்றுக்கும் விடலாம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் மடை பூஜ்ஜியத்தில் இருந்தது.

ஏரிக்குள் அளவுக்கல்லை நட்டவன் நான்தான். கரையைச் சீர் செய்த வருடம், கல் எப்போதும் தண்ணீரில் நிற்கட்டும் என்று மடையைவிடத் தாழ்ந்த பள்ளத்தில் நட்டேன். அடிக்கு ஒரு கோடு; தண்ணீர் நிற்கும் கோட்டை எண்ணி அதிகாரிகளிடம் சொல்வேன், அவ்வளவுதான். அவர்கள் எங்கிருந்து கணக்குப் போட்டார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. எழுந்து நின்றேன்.

"அம்மா, மடை மூணாங்கோட்ல கீது. அதுக்குக் கீழ கீற தண்ணி மடைல ஒரு சொட்டு வராது. கம்பெனி மோட்டார் போட்டு உறிஞ்சிக்கும். ஆறு எந்த மோட்டாரப் போடும்? கல்லத் தப்பா நட்டது நான்தான்."

"இத்தினி வருஷமா இன்னா பண்ணிகினு இருந்தீங்க பெரியவரே?" என்றார் தொழிற்சாலை அதிகாரி.

"கோடு எண்ணிகினு இருந்தேன் சார். இப்பதான் நம்பர் படிக்கிறேன்."

மண்டபமே சிரித்தது, நானும் சிரித்தேன். அந்த அம்மா மட்டும் சிரிக்காமல் பூஜ்ஜியத்தை மூன்றாக மாற்றினார். ஆற்றின் நீலப்பட்டை சுருங்கி மாசி நடுவிலேயே நின்றது. தொழிற்சாலையின் பட்டை அசையவே இல்லை. சிரிப்பு அடங்கிவிட்டது.

"தண்ணீர் நாலடிக்கு இறங்கியதும் மோட்டாரை நிறுத்தினால்?" என்று கேட்டு, அதையும் போட்டுப் பார்த்தார். நீலம் பங்குனி வரை நீண்டது.

அதிகாரி போனில் வெகுநேரம் பேசினார். "இந்த வருஷம் நிறுத்திப் பாக்கறோம். கழிவுத் தண்ணியச் சுத்தம் பண்ணி ஓட்டணும், பேஜாருதான்" என்றார். அதைத் தாளில் எழுதினார்கள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

அதே பயணத்தில் மகளையும் பார்த்தேன். தெற்கே பதினாறு கிலோமீட்டர், பஸ் இருபது ரூபாய். "நைனா, நெசமாவே நாலுல நிறுத்துவாங்களா?" என்றாள். "எழுதிக் குடுத்துக்கீறாங்க, நான் படிச்சேன்" என்றேன்.

நீங்களும் இப்படி ஒரு கூட்டத்துக்குப் போனால் காலை பஸ்ஸைப் பிடியுங்கள், மூக்குக்கண்ணாடியை மறக்காதீர்கள். ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். மடை எந்தக் கோட்டில் இருக்கிறது என்றும் கேளுங்கள். எங்கள் கல்லில் மூன்றுக்குப் பக்கத்தில் 'மடை' என்றும், நான்குக்குப் பக்கத்தில் 'மோட்டார் நிறுத்து' என்றும் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறது. எழுத்து கொஞ்சம் கோணல்தான், நான் எழுதியது. ஆனால் கரையில் நின்றே படிக்கலாம்.