தேசிக்காய்த் தோல் மணந்த அறை

முரசுமோட்டையில் எங்கள் வீட்டோடு சேர்த்து விருந்தினருக்கென்று ஓர் அறை கட்டினோம். முதல் ஆளாக ஓர் அக்கா அறை கேட்டுத் தொலைபேசியில் கதைத்தா.

"எனக்கு இழுப்பு வருத்தம், மூச்சு முட்டும். கழுவிற மருந்து மணந்தா தங்கமாட்டன், திரும்பிடுவன்."

"பயப்படாமல் வாங்கோ" என்று சொல்லிவிட்டேன். ஆனால் குளியலறைக் குழாய்களில் கிணற்றுநீரின் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. போத்தல் மருந்தைத் தவிர வேறெதையும் நான் பாவித்ததில்லை.

பரந்தன் சந்திக் குளிர்பானக் கடையில் பிழிந்த தேசிக்காய்த் தோல்கள் வாளி நிறையக் கிடந்தன. அந்தப் புளி உப்புப் படையை இளக்கும் என்று நினைத்து, கடைக்கார நானாவிடம் கேட்டேன்.

"எறியத்தான் வைச்சிருக்கிறன் தங்கச்சி. வாளியோட கொண்டு போங்கோ."

தோலில் கறியுப்பைத் தொட்டுக் குழாய்களைத் தேய்த்து, ஊறவிட்டு, மறுபடி தேய்த்தேன். படை இளகிக் குழாயில் என் முகம் தெரிந்ததும், ஓடிப்போய்க் கணவரை இழுத்து வந்து காட்டினேன்.

மாலையில் வந்த அக்கா அறை வாசலிலேயே நின்றுவிட்டா. மெல்ல மூச்சை இழுத்தா. பிறகு ஆழமாக இன்னொரு தரம்.

"தங்கச்சி, பையை உள்ளுக்கு வையுங்கோ" என்று சிரித்தா.

சந்தோஷத்தில் எனக்கு அன்று நித்திரையே வரவில்லை. மருந்து மணம்தான் சுத்தம் என்று இத்தனை காலமும் நம்பியிருந்தேன். ஒருவர் பயமில்லாமல் மூச்சுவிடும் அறையை என் கையாலேயே ஆக்க முடியும் என்று அன்றுதான் அறிந்தேன்.